ஒருபோதுமில்லை

இந்த ஆய்வுக்கு நோயாளிகள் வேண்டாமாம்.
சுகமாய் இருப்பவர்களைத் தேடித்தான்
களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குள் அலைகிறேன்,
நாற்பது படிவம், இரண்டு பேனை,
தாளைப் பறிக்கப் பார்க்கும் கச்சான் காற்று.

பகலில், விழித்திருக்கையில்,
மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும்
இறுக்கி வைத்திருப்பதுண்டா?
ஒருபோதுமில்லை. சில வேளை. அடிக்கடி. எப்போதும்.
ஒன்றுக்கு மட்டும் புள்ளடி போடவும்.

கேட்டதும் எல்லோருக்கும்
ஒரு கணம் வாய் மெல்லத் திறக்கிறது.
பஸ் ஏறிய பிறகு
வீட்டைப் பூட்டினோமா என்று யோசிக்கிற முகம்.

மீன் வெட்டும் யோகரட்ணம்
கத்தியை நிறுத்தவில்லை.
"பல்லுக் கடிக்க எங்க தங்கச்சி நேரம்?
இல்லையெண்டு போடுங்க."
சொல்லி வாய் மூடியதும்
காதுக்குக் கீழே ஒரு சின்ன முண்டு
எழும்பி அடங்கியது,
கலங்கல் தண்ணீரில் புரளும் மீன்முதுகாய்.
நான் பார்த்ததற்குப் படிவத்தில் இடமில்லை.
அவர் சொன்னதுதான் பதிவு.

சிவப்புக் குடையோடு கோமளேஸ்வரி.
கிழமைக் கடன்காரப் பெடியன்
செவ்வாய் பத்து மணிக்கு
மோட்டார் சைக்கிளை வளவுக்குள் நிறுத்துவானாம்.
"செவ்வாய் மட்டும் எண்டு எழுத ஏலுமா கா?"
செவ்வாய்க்குக் கட்டம் இல்லை.
சில வேளை என்று போட்டோம்.
இருவரும் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டோம்.

மருதமுனையில் ஜெஸீமா டீச்சர்
சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு
கேள்விகளையே திருத்துவதுபோல் வாசித்தார்.
"சோதனை முடியுமட்டும்
பல்லைக் கடிச்சிட்டு இருங்க எண்டு
இருபத்தாறு வருஷமாச் சொல்லிக் குடுக்கிறன்.
இப்ப வந்து அது நோயா எண்டு கேக்கிறீங்க."
நோய் என்று நான் சொல்லவில்லை, டீச்சர்.
பழக்கம் என்றுதான் இருக்கிறது.
அவர் பேனையை மூடினார்.
மூடியின் சத்தம் கேட்டது.
அவர் போட்ட புள்ளடி
நாலாவது கட்டத்தையும் தாண்டி வெளியே நின்றது.

இரண்டாம் பக்கத்தில் வேறு கேள்விகள்.
காரணமில்லாமல் பதற்றம் வருவதுண்டா?
காரணமில்லாமல் என்ற சொல்லில்தான்
ஆட்கள் தடக்குப்பட்டார்கள்.
காரணம் இருந்தால் எந்தக் கட்டம் என்று
ஓட்டோக்கார நிஸ்தார் கேட்டார்.
மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.
கேட்கவில்லை.
என் ஒப்பந்தம் முப்பதாம் திகதியோடு முடிகிறது.

பயிற்சி நாளில்
பல் டொக்டர் எங்களை நிமிர்ந்து இருக்கச் சொன்னார்.
"உதடு சேரட்டும், பல் பிரியட்டும்.
அதுதான் தாடைக்கு ஓய்வு."
ஒத்திகைக்கு ஆளுக்கொரு படிவம் தந்தார்.
என்னுடையதில் எல்லாமே ஒருபோதுமில்லை.
இருபது நொடியில் முடித்தேன்.
நல்ல வேகம் என்றார்.

கல்லடிப் பாலம் தாண்டுகையில்
பஸ் யன்னலில் என் முகம்.
கன்னத்தில் கைவைத்துப் பார்த்தேன்.
உள்ளே யாரோ
கதவைச் சாத்தி முதுகு கொடுத்து நின்றார்கள்.
எப்போதிருந்து?
டோஹாவுக்கு அனுப்பிய மூன்று செய்திக்கும்
இன்னும் நீலக்கோடு விழவில்லை.
அது இன்றைக்கு மட்டும்தானே.

சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுப்
பிருந்தாபன் முறைத்தான், ஏழு வயது.
"ராவில தனியக் கச்சான் திங்கிறீங்க.
எனக்கு ஒரு கொட்டையும் தாறதில்ல."
என்ன கச்சான் மனே?
"கறுக் கறுக்கெண்டு. ஒவ்வொரு நாளும்.
நான் நித்திரையெண்டு நினைச்சித் திங்கிறீங்க."

அவன் உறங்கிவிட்டான்.
ஒரு படிவம் மிச்சம்.
பல்வலி இல்லை, சீனி இல்லை, பிரஷர் இல்லை;
ஆய்வுக்குத் தகுதியான ஆள்தான்.
உதடு சேர்த்தேன். பல் பிரித்தேன்.
நாக்கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
வந்த வீட்டில் கதிரை காட்டப்படாத விருந்தாளி அது.
பேனையின் மூடியைக் கழற்றினால்
மூடியில் என் பல் அடையாளங்கள்.

நாளைக்குக் கல்முனை பஸ் நிலையத்தில்
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கவேண்டும்.
பிள்ளை சொன்னது பொய்யாகக் கூடாது.